வண்டிக்குச் சம்பந்தம் இல்லை

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் மேடம். அந்த வண்டி மேல் எனக்கு ஆசையும் கிடையாது, கோபமும் கிடையாது.

தாத்தா 1962இல் வாங்கிய ஃபியட் அது. விஸ்வநத்தம் தாண்டி இருக்கும் எங்கள் பட்டாசுக் கம்பெனியில், டைல்ஸ் தரை போட்ட ஷெட்டில் நிற்கிறது. பதினோரு வருடம் ஓடாமல் கிடந்தது. ஆனாலும் வெள்ளிக்கிழமைதோறும் மாலை போட்டுச் சூடம் காட்டுவோம். கேட்டுக்குள் யாராவது தீப்பெட்டியோடு வந்தால் அன்றே வேலையை விட்டு நிறுத்திவிடுவோம். வண்டிக்கு மட்டும் விலக்கு.

அப்பா பெயர் சங்கரலிங்கம். வண்டி வந்ததிலிருந்து கம்பெனியில் விபத்தே நடந்ததில்லை, அதனால் வண்டிதான் காக்கிறது என்பது அவர் முடிவு. வாசல் வேப்பமரமும் அதே வருடம் வைத்ததுதானே என்றேன். மறுநாள் மரத்துக்கும் மஞ்சள் துணி கட்டிவிட்டார்.

நான் பி.எஸ்சி. வேதியியல். படித்துவிட்டு வந்ததும் நான் கேட்டது ஒன்றே ஒன்று. மருந்தைச் சோதிக்க ஒரு சின்ன ஆய்வுக்கூடம். மருந்து என்றால் பட்டாசுக்குள் போகும் வெடிக்கலவை. அவ்வப்போது கொஞ்சம் எடுத்துச் சோதித்தால் வேலை செய்கிறவர்களுக்கு ஆபத்து குறையும். அதற்கேற்ற இடம் அந்த ஷெட்தான்.

மதுரையில் ஒருவர் பழைய வண்டிகள் சேர்க்கிறார். அவர் எங்கள் வண்டியை விலைக்குக் கேட்டு அனுப்பியதும், மெக்கானிக் தனுஷ்கோடி வந்து பார்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்.

"அண்ணாச்சி, இஞ்சின் இறுகிப்போச்சு. ரிப்பேர்னா ஊர் ஊரா பார்ட்ஸ் தேடணும். மதுரைக்காரர் கெடக்குற மாதிரியே தூக்கிட்டுப் போறேங்காரு. குடுத்துட்டு நிம்மதியா இருங்க."

"ஏலே, நீ மெக்கானிக்கா, புரோக்கரா?"

"ரெண்டுந்தான் அண்ணாச்சி. ஒத்தத் தொழில்ல எவன் வயித்த கழுவ முடியுது?"

"வண்டி வெளிய போன அன்னைக்குக் கம்பெனி பறந்துச்சுன்னா, நீயா வந்து நிப்ப?"

இப்படியே ஒரு வருடம் பேசினார்கள். விற்றால் ராசி போய்விடும். ரிப்பேர் என்று கழற்றினாலும் போய்விடும். என் ஆய்வுக்கூடச் சாமான்கள் அட்டைப்பெட்டியில் தூசி குடித்துக்கொண்டிருந்தன.

அப்பா சொல்வது சோதித்துப் பார்க்கக்கூடிய விஷயம் என்று எனக்குத் தோன்றியது. வண்டி ஷெட்டில் இருக்கும்போதே ஒரு விபத்து நடந்தால், அந்த நம்பிக்கை அதோடு முடிந்தது. பெரிய விபத்து தேவையில்லை. ஆளில்லாத ஒரு அறை போதும்.

சனிக்கிழமை மிஞ்சும் மருந்தை அன்றே அப்புறப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் தானாகவே சூடேறும், தொட்டால் வெடிக்கும். ஏழாம் நம்பர் அறையில் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஃபோர்மேன் கருப்பணனிடம் சொன்னேன். அவரும் போய்விட்டார். திங்கட்கிழமை அந்த அறையில் யாருக்கும் வேலை கொடுக்கவில்லை. பாதுகாப்பு விஷயத்தில் நான் எப்போதும் கவனம்.

அய்யம்மாளைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. ஏழாம் அறையில் இருபது வருடம் வேலை பார்த்தவர். அந்தத் திங்கட்கிழமை மதியம் எல்லோரும் வேப்பமரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கை கழுவிவிட்டு என் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தார்.

"பாப்பா, சாப்பிட்டீகளா? ஏழாம் நம்பர்ல சனிக்கெழம மருந்து அப்படியே கெடக்கு. காலேசு படிச்ச புள்ள, இதைப் போயி மறப்பீகளா? சரி இருங்க, நான் போயி அப்புறப்படுத்திட்டு வந்துருதேன்."

நான் 'ம்' என்றேன். காதில் விழுந்தது என்ற அர்த்தத்தில்தான் சொன்னேன். அவர் சரி என்று எடுத்துக்கொண்டார்.

அறைக்குப் போக அறுபது எழுபது அடி இருக்கும். கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். எனக்குச் சத்தமாகப் பேச வராது, மேடம். பள்ளிக்கூடத்தில் நான் 'உள்ளேன்' என்று சொல்வது டீச்சருக்குக் கேட்காமல் பாதி நாள் ஆப்சென்ட் விழும். அவர் கதவைத் திறந்தபோது நான் ஜன்னலைச் சாத்தினேன். பிறகு மணி பார்த்தேன். ஒன்று பதினாறு. குறித்து வைத்திருக்கிறேன்.

அய்யம்மாளைத் தவிர வேறு யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

அன்று சாயங்காலம் அப்பா ஷெட்டுக்குப் போய் வண்டிமுன் கைகூப்பி நின்றார். உண்மை புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"பதினோரு வருசம் ஓடவிடாமப் போட்டு வச்சேன். கோவிச்சுக்கிட்டா," என்றார். அதுவரை வண்டி பெண் என்று எனக்குத் தெரியாது. "தனுஷ்கோடியக் கூப்பிடு. எம்புட்டு ஆனாலும் சரி, ஓடியாகணும்."

பத்தொன்பது நாளில் ஓடியது. அதில்தான் அய்யம்மாள் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனோம். திரும்பும்போது கிளம்பவில்லை. அவருடைய மகன்கள் இரண்டு பேரும், மொட்டைத் தலையோடு, தெருமுனை வரை தள்ளிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"நீயா செஞ்ச? ஓடாமக் கெடந்தவ உன்னையச் செய்ய வச்சிருக்கா, பாப்பா," என்று சொல்லி எனக்குத் திருநீறு பூசிவிட்டார்.

அதனால்தான் இங்கே வந்தேன். உங்கள் அறிக்கையில் தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. எங்கள் கம்பெனியில் அய்யம்மாள் அளவுக்குக் கவனமான ஆள் கிடையாது. அதை அடித்துவிட்டு என் பெயரை எழுதுங்கள். கீர்த்திகா, தகப்பனார் சங்கரலிங்கம். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

கீழே ஒரு வரி மட்டும் சேர்க்க வேண்டும். வண்டிக்குச் சம்பந்தம் இல்லை. அதில் ஸ்டேஷன் முத்திரை வைத்துக் கொடுத்தால் அப்பா நம்புவார். வண்டியை மதுரைக்காரரிடம் கொடுத்துவிடுவார், ஷெட்டும் காலியாகிவிடும்.

ஆய்வுக்கூடத்துக்கு அய்யம்மாள் பெயரையே வைக்கலாம் என்று இருக்கிறேன்.