அரைப் பங்கு பக்கல்யாவ்

அதுக்கில்லைங்க, நீங்க கேக்கலதான். ரொட்டி, ஆலிவ், அந்தச் சின்ன சீஸ், எல்லாம் கேக்காமத்தான் கொண்டுவந்து வெப்போம். தொட்டா பில்லுல வரும், தொடாட்டி அப்படியே எடுத்துட்டுப் போயிருவோம். ஏமாத்து வேலை இல்ல சார், இந்தச் செத்தூபல் ஊர்ல எந்தக் கடைக்குப் போனாலும் இப்படித்தான். ஆலிவ மட்டும் வெச்சுக்குங்க, நல்லா இருக்கும்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். இந்தக் கடையப் பத்தி நான் சொல்றதுல பாதி என் கண்ணால பாத்தது இல்ல. நான் நாலு வருஷம் வெளியூர்ல, கொயிம்ப்ரா காலேஜுல படிச்சிட்டு இருந்தேன். இங்க பரிமாறிட்டு இருந்த அபீலியு மாமா சொல்லித்தான் எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷம் இருந்தவரு. ஈஸ்டருக்கு அப்புறம் இடுப்புல ஆபரேஷன்னு படுத்துட்டாரு. அதான் நான் வந்து நிக்கறேன், மூணு வாரமா.

அந்த மெனு அட்டையக் குடுங்க, நான் படிச்சுச் சொல்றேன். அது மாமா கையெழுத்து, டாக்டர் சீட்டு மாதிரிதான் இருக்கும். ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல ரெண்டு விலை இருக்கில்ல? சின்னது அரைப் பங்கு. அதையே ஒரு ஆளு சாப்பிட்டு முடிக்கறது கஷ்டம். முழுசு ரெண்டு பேருக்கு. தனியா வந்தவரு முழுசு கேட்டாருன்னா எங்கம்மா அடுப்படியில இருந்து எட்டிப் பாத்து, யாருடி அது, கப்பல்ல இருந்து இப்பத்தான் எறக்கி விட்டாங்களான்னு கேப்பாங்க.

இது கீரை சூப். வேண்டாம், வயித்த நெரப்பிரும். இது வாத்துச் சோறு, வியாழக்கிழமைதான் போடுவோம், இன்னிக்கு வெள்ளி. இது பன்னிக்கறியும் மட்டிச் சிப்பியும், லேட்டாகும். கணவாய் வறுவல் தீந்துபோச்சு. இந்தா, இது. பக்கல்யாவ். உப்புப் போட்டுக் காயவெச்ச மீன ரெண்டு நாள் தண்ணியில ஊறப்போட்டு வேகவெச்சு, கொண்டைக்கடல, முட்ட, பச்ச வெங்காயம், மேல ஆலிவ் எண்ணெய். அவ்வளவுதான். வறுக்கறது கிடையாது, மசாலா கிடையாது. மீனு எப்படி இருக்கோ அப்படியே நாக்குல தெரியும். அதச் சொல்லுங்க சார். அரைப் பங்கு.

ஆமா. அந்தத் தட்டுல இருக்கறது கணவாய்தான். இப்பத்தான் அந்த மேசைக்கு வெச்சேன்.

தீரல. பொய் சொல்லிட்டேன். மன்னிச்சுக்குங்க. எனக்குப் பொய் சொல்லவே வராது, சொன்னா காதெல்லாம் சிவந்துரும். இருங்க, எந்திரிக்காதீங்க, ஒரு நிமிஷம். விஷயத்தச் சொல்லிடறேன். அதுக்கப்புறம் கணவாய் வேணும்னாலும் கொண்டுவர்றேன்.

அந்த மீனு உப்பு, சார். ரொம்ப உப்பு. தெரிஞ்சேதான் உங்களச் சாப்பிடச் சொல்றேன். ரெண்டு வாய் போதும். அப்புறம் முள்ளுக்கரண்டியக் கீழ வெச்சிருங்க. தட்டு நெறஞ்சபடி உள்ள போச்சுன்னா எங்கம்மா கையத் தொடச்சிட்டு வெளிய வந்து, என்ன குறைன்னு உங்களையே கேப்பாங்க. அது அவங்க பழக்கம். அப்ப உள்ளதச் சொல்லுங்க. கோவமா வேண்டாம், சும்மா சொன்னாப் போதும். பில்லு நான் பாத்துக்கறேன்.

நான் சொல்லாம இருப்பேனா? சொன்னேன். போன வாரமே, அம்மா, உப்பு தூக்கலா இருக்குன்னேன். என்ன சொன்னாங்க தெரியுமா? நாலு வருஷம் காலேஜ் கேன்டீன்ல தின்னுதின்னு உன் நாக்கு செத்துப்போச்சுடின்னாங்க. கடையே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். அதுக்கு மேல எப்படிச் சொல்றது? எங்க வீட்டுல மொத மொதல்ல காலேஜ் வாசல மிதிச்சவ நான். இந்த அடுப்படியில வெந்துதான் என்னை அனுப்பி வெச்சாங்க. படிச்சிட்டு வந்து, உனக்குச் சமைக்கத் தெரியலன்னு நான் சொன்னா எப்படி இருக்கும்?

இவங்களா? தெனம் வர்றவங்க, இவங்க சொல்ல மாட்டாங்க. அதோ அந்தச் சிவப்புத் தொப்பி, செலஸ்தீனு, துறைமுகத்துல கிரேன் ஓட்டறவரு. போன வெள்ளிக்கிழம ரெண்டு ஜாடி தண்ணி குடிச்சாரு. குடிச்சு முடிச்சு, ஒட்டீலியா, உன் கைக்கு ஈடு கிடையாதுன்னு எங்கம்மாகிட்டச் சொல்லிட்டுப் போனாரு. எல்லாரும் அப்படித்தான். ரொட்டியத் தொட்டுத் தொட்டு முழுங்கிடறாங்க. தட்டு காலியா வருது, அம்மாவுக்குச் சந்தோஷம். பாசம்தான் சார், ஆனா அது அவங்களக் கொன்னுட்டு இருக்கு. இங்க அவங்களுக்கு யாரோ எவரோன்னு இருக்கறது நீங்க ஒருத்தர்தான். அதான் கதவத் தொறந்து உள்ள வந்ததும் ஓடி வந்தேன்.

ஏன் இன்னிக்கேவா? ஞாயித்துக்கிழம தெருக்கோடி வீட்டுப் பொண்ணுக்குச் சர்ச்சுல புதுநன்மை, மொத தடவ நற்கருணை வாங்கறா. நாப்பது பேருக்கு விருந்து, சாமியாரும் வர்றாரு. பக்கல்யாவ் நான்தான் போடுவேன்னு அம்மா வாக்குக் குடுத்துட்டாங்க. அங்க அவங்க சாதிசனம் எல்லாம் வெளியூர்லயிருந்து வரும். அவங்க தண்ணி குடிச்சு மறைக்க மாட்டாங்க. நாப்பது தட்டும் அப்படியே திரும்பும். எங்கம்மா அதுக்கப்புறம் கரண்டியத் தொட மாட்டாங்க.

மீன் ஊறற தண்ணிய மாத்தினேன் சார். மாத்தாம இருப்பேனா? போன திங்கக்கிழம அவங்க பாக்காதப்ப மூணு தடவ கொட்டிட்டுப் புதுசு ஊத்தினேன். மீனு நல்லா உப்பு விட்டிருச்சு. அப்புறம் என்ன ஆச்சு, வேகும்போது அம்மா ஒரு துண்டு பிச்சு வாயில போட்டாங்க. மென்னு பாத்துட்டு, ஒரு கை உப்ப அள்ளிப் பானையில போட்டுட்டாங்க. நான் கதவுகிட்டதான் நின்னேன்.

அன்னிக்குச் சாயங்காலம் அபீலியு மாமாவப் பாக்க ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அவரு சுவத்தப் பாத்துப் படுத்திருந்தாரு. உங்கம்மாவுக்கு நாக்குல ருசி இல்ல கண்ணுன்னாரு. போன வருஷம் குளிர்ல ஒரு காய்ச்சல் வந்துச்சாம். காய்ச்சல் போச்சு, ருசி திரும்பி வரலையாம். ஒரு வருஷத்துக்கு மேலயா தெனம் காலைல இவருதான் வந்து அவங்களுக்காக ருசி பாத்துச் சொல்லிட்டு இருந்திருக்காரு, ஒரு ஜனத்துக்குத் தெரியாம. நோயேமியாகிட்ட மட்டும் மூச்சு விடாத, பரிச்ச எழுதிட்டு இருக்கான்னு அம்மா அவருகிட்டச் சத்தியம் வாங்கியிருக்காங்க. நோயேமியா நான்தான்.

நான் நம்பல. மாமாவுக்கு மருந்து மயக்கம்னு நெனச்சேன். நோயாளி சொன்னத வெச்சு அம்மாவப் பத்தி ஒரு முடிவுக்கு வந்துடக் கூடாதில்ல? அதான் சார், நானே நேர்ல பாத்துத் தெரிஞ்சுக்கலாம்னு இருந்தேன்.

சொல்றீங்களா? நெசமாவா? அரைப் பங்கு. ரெண்டு வாய்தான். தண்ணி ஜாடி இப்பவே வெச்சிடறேன். அவங்க வெளிய வந்தா மொகத்தப் பாக்காதீங்க, பாத்தா உங்களுக்கும் சொல்ல வராது.

இன்னிக்குக் காலைல அம்மா ரொட்டி வாங்கப் போயிருந்தாங்க. மீன் ஊறற தொட்டியில கைய விட்டு, நடுத்துண்டுல முள்ளுக்கிட்ட ஒரு நார் பிச்சு வாயில வெச்சேன். துப்பிட்டேன் சார், வெறும் உப்பு. நான் பிச்ச எடத்துக்கு ஒட்டினாப்பல இன்னொரு எடம் பிச்சிருந்துச்சு. எங்கம்மா பிச்ச எடம். அதத் தின்னு பாத்துட்டு, பதமா இருக்குன்னு எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் ரொட்டிக் கடைக்குப் போனாங்க.