ஸ்டீயரிங்கில் கட்டிய சிவப்புத் துணி

பழைய காரில் எதுவும் திடீரென்று கெடாது. திடீர் பிரேக் கோளாறு என்று போலீஸ் ரிப்போர்ட்டில் நீங்கள் எழுதி வைத்திருப்பதால் இதை முதலில் சொல்கிறேன். வண்டியைச் சோதித்த உங்கள் ஆள் பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்து பார்த்திருப்பார், நிறைந்திருக்கும். சக்கரங்களுக்குப் பின்னால் தடவிப் பார்த்திருப்பார், கசிவே இருந்திருக்காது. மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் தேய்ந்தால் ஆயில் வெளியே வராது, உள்ளுக்குள்ளேயே நழுவும். பிரேக்கை மிதித்த காலை எடுக்காமல் கொஞ்சம் பொறுத்தால், மிதி மெல்ல மெல்லத் தரைக்கு இறங்குவது தெரியும். பல தடவை பிடிக்கும், ஒரு தடவை பிடிக்காது.

தங்கையின் கணவர் காரை எங்கள் பட்டறையில் விட்டுப்போன காலையிலேயே இதைக் கண்டுபிடித்துவிட்டேன். பிரேக் சரியில்லாத வண்டி என்றால் ஸ்டீயரிங்கில் சிவப்புத் துணி கட்டுவது எங்கள் வழக்கம். துணி இருக்கும்வரை முதலாளியே கேட்டாலும் சாவி கிடையாது. கட்டினேன். புது ரப்பருக்குச் சொல்லியும் அனுப்பினேன். அதுவரை என் வேலையில் குறை சொல்ல முடியாது.

மதியம் தங்கை எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். நான் பேசப் பேச முகத்தை ஒரு பக்கமாகவே திருப்பிக்கொண்டிருந்தாள். என்னவென்று கேட்டேன்.

"ஒரு காது சரியா கேக்கலண்ணா. கோவத்துல ஒரு அறை விட்டுட்டாரு. நீ எதுவும் கேட்டு வைக்காத, அப்புறம் அதுக்கும் சேர்த்து வாங்கணும்."

அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். முன்பு அவளுக்குப் பல் உடைந்தபோது, அனுசரித்துப் போ என்று அம்மா சொன்னாள். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். இந்த முறை தலையாட்டுவதாக இல்லை. அவள் பாத்திரம் கழுவப் பின்பக்கம் போனதும் துணியை அவிழ்த்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் வந்தவள் பஸ்ஸிலேயே போய்விடுவாள் என்று நினைத்தேன்.

அவள் கிளம்புவதற்குள் அவர் வந்துவிட்டார்.

"என்ன மச்சான், ஒரு பிரேக்கைப் பாக்க இவ்வளவு நேரமா? முடிஞ்சுதா இல்லையா?"

"எடுத்துட்டுப் போங்க மாப்பிள்ளை," என்றேன்.

அவர் சாவியைத் தங்கையிடம் வீசினார். "இன்னைக்கு நீ ஓட்டு. உங்கண்ணன் கத்துக்குடுத்த லட்சணத்தையும் பாத்துடுவோம்."

ஒரு நாளும் அவளை ஓட்ட விடாதவர். அவள் முகம் மலர்ந்துவிட்டது. சீட்டை முன்னுக்கு இழுத்தாள், கண்ணாடியைச் சரிசெய்தாள், எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தபடி. மறுபக்கக் கதவைத் திறந்து அவர் ஏறி உட்கார்ந்தார். அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்தால், பிரேக்கே பார்க்கத் தெரியாதவன் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அந்த ஆளிடம் நான் தோற்க வேண்டுமா? தவிரவும், பிரேக் பிடிக்காவிட்டால் கியரைக் குறைக்க வேண்டும், ஹேண்ட் பிரேக்கை இழுக்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பதற்றத்தில் மறந்திருப்பாள். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

பட்டறையைத் தாண்டி வரும் இறக்கத்தின் கீழே நின்ற லாரிக்குள் காரின் அவள் பக்கம்தான் புகுந்தது. அவள் அங்கேயே போய்விட்டாள். அவருக்குக் கை முறிந்ததோடு சரி. ஆஸ்பத்திரியில் என் தோளில் சாய்ந்து அழுதார். அந்தத் தோளை இன்னும் தேய்த்துக் கழுவிக்கொண்டிருக்கிறேன்.

துணியை அவிழ்த்தது நான்தான். இதோ, மேசைமேல் வைக்கிறேன். ஆனால், பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். வண்டி நகரும்போது ஜன்னல் ஓரமாகப் போய், "பாப்பா" என்று கூப்பிட்டேன். அவருக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று மெதுவாகத்தான் கூப்பிட்டேன், அவளுடைய கேட்காத காதுப் பக்கம் நின்று. அந்தக் காதைக் கெடுத்தது யார் என்று அவரைக் கேளுங்கள்.