ஜன்னலை நான் திறக்கவில்லை

என் பெயரும் அப்பாவின் பெயரும் மேலே எழுதியிருப்பது சரி. வயது நாற்பத்தாறு. துணிக்கடை ஒன்றில் ஆல்டரேஷன் தைக்கிறேன். பேருந்து நிறுத்தத்துக்குப் பின்தெருவில், இரண்டாவது மாடியில், அப்பாவும் நானும் மட்டும் குடியிருக்கிறோம். அம்மா இல்லை. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கும் இந்தப் புகாருக்கும் சம்பந்தமில்லை, கேட்டதால் சொல்கிறேன். புகார் கொடுத்திருப்பவர் என் கூடப்பிறந்த அண்ணன். வேறு ஊரில் இன்ஜினியர். சின்ன வயதில் டிவி ரிமோட்டை யார் கையிலும் கொடுக்க மாட்டார் என்பதால் வீட்டில் அவருக்கு ரிமோட் என்றே பெயர். நான் அவன் இவன் என்று சொல்வதைக் காவலர் அவர் என்று எழுதிக்கொள்கிறார். எழுதட்டும்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. எங்கள் வீட்டில் ஹீட் பம்ப் என்று ஒரு மெஷின் உண்டு. வெயில் காலத்தில் குளிர்ந்த காற்றும் குளிர்காலத்தில் சூடான காற்றும் அது ஒன்றே கொடுக்கும். அதற்கு உத்தரவு போடுகிற தெர்மோஸ்டாட் ஹால் சுவரில் இருந்தது. மஞ்சளேறிப்போன பழைய பெட்டி, திருகினால் போதும், ஒரு வம்பும் செய்ததில்லை. குளிர் ஆரம்பித்ததும் அண்ணன் வந்து, பழசு கரண்ட்டைத் தின்கிறது என்று சொல்லி அதைக் கழற்றிவிட்டு, போனிலிருந்தே இயக்கும்படியான புதுத் தெர்மோஸ்டாட்டை அவரே மாட்டினார். மெக்கானிக்கைக் கூப்பிடலாமே என்றதற்கு, "நாலு ஒயர் மாட்ட மெக்கானிக்கா? நான் படிச்சதெல்லாம் எதுக்கு?" என்றார். மாட்டி முடித்ததும் அதன் திரை ஏதேதோ கேட்டது. அவர் படித்துக்கூடப் பார்க்காமல் அடுத்தது, அடுத்தது என்று தட்டிக்கொண்டே போனார். அதன் பிறகு, நான் கண்டபடி கைவைப்பேன் என்று பட்டன்களுக்குப் பூட்டு எண் போட்டுவிட்டு ஊருக்குப் போனார்.

அன்றிலிருந்தே அப்பாவின் கட்டிலுக்கு மேலே இருக்கும் துவாரத்தில் குளிர்ந்த காற்றுதான் வந்தது. கையைக் காட்டிப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. அண்ணனுக்குப் போன் செய்தேன். "ஹீட்லதான் இருக்கு, சூடாக டைம் எடுக்கும்" என்றார். அதன் பிறகும் சூடாகவில்லை என்றபோது, அவருடைய போனிலும் அறையின் சூடு இறங்கிக்கொண்டே போவது தெரிந்திருக்கிறது. அதைப் பார்த்து அவர் கண்டுபிடித்தது இதுதான்: "ஹீட் ஓடுது, ரூம் குளிருது. அப்போ நீ ஜன்னலத் திறந்து வெச்சிருக்க." இல்லை என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன். போன் பொய் சொல்லாது என்றார். நான் மட்டும் சொல்வேன் போலிருக்கிறது.

அதன் பிறகு அவர் அங்கிருந்தபடியே சூட்டைக் கூட்டிக்கொண்டே போனார். அவர் கூட்டக் கூட்ட இங்கே குளிர் கூடியது. நான் மெயினை அணைத்துவிட்டு, வெந்நீர்ப் பையை அப்பாவின் காலடியில் வைத்துவிட்டுக் கடைக்குப் போனால், போனில் ஒன்றும் தெரியவில்லை என்று அண்ணன் கீழ்வீட்டு அக்காவைக் கூப்பிட்டு மெயினைப் போடச் சொல்வார். நான் இல்லாதபோது அப்பாவைப் பார்த்துக்கொள்பவர் அந்த அக்கா. "ஐயோ, ஐஸ் மாதிரி இருக்கே" என்று சொல்லிக்கொண்டே, இன்ஜினியர் தம்பி சொல்லிவிட்டதால் போட்டுவிட்டுப் போவார்.

ஜன்னல் பேச்சை நிறுத்துவதற்காக, கிழிசல் துணியைத் திணித்து எல்லா ஜன்னலையும் சுற்றி அகல டேப் ஒட்டினேன். ஒட்டிய டேப் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது, வந்து பார்க்கலாம். படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். படம் எடுத்த பிறகு பிரித்திருப்பாய் என்றார். அதன் பிறகு, நான் வேண்டுமென்றே ஜன்னலைத் திறந்து வைக்கிறேன் என்று அப்பாவிடமே போனில் சொல்லிவிட்டார். நான் சாப்பாட்டுத் தட்டோடு பக்கத்தில் நிற்கும்போது அப்பா என்னைப் பார்த்து, "ஏம்மா, அவ்வளவு பாரமாப் போயிட்டேனா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு நான் ஊட்டினால் அவர் வாயைத் திறக்கவில்லை.

ஒருநாள் அறை திடீரென்று கதகதப்பாகிவிட்டது. அப்பா கம்பளியைத் தள்ளிவிட்டுத் தூங்கினார். என்ன மாயம் என்று போய்ப் பார்த்தால் தெர்மோஸ்டாட் திரையில் கூலிங் என்று இருந்தது. அண்ணன் ஏதோ கைதவறி மாற்றியிருக்கிறார். எனக்கு மெஷினைப் பற்றி ஒன்றும் தெரியாது. கூலிங் என்றால் சூடு வருகிறது, அவ்வளவுதான் தெரிந்தது. உடனே, "அண்ணா, உனக்குப் புண்ணியமாப் போகும், கூலிங்லயே விட்டுடு, ஹீட்டைப் போட்டுடாத" என்று குரல் பதிவு அனுப்பினேன். அதைக் கேட்டதும் அவர் ஹீட்டுக்கு மாற்றிவிட்டு, "அப்பாவைக் கொல்லப் பாக்குறியா?" என்று எழுதினார். புகாரோடு எனக்கு எதிரான ஆதாரம் என்று அவர் கொடுத்திருப்பது அந்தக் குரல் பதிவுதான். அந்தக் குரல் என்னுடையதுதான்.

அதன் பிறகு அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுத்தது. நானும் கீழ்வீட்டு அக்காவும் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அண்ணன் வந்து, அப்பா பேரில் இருக்கும் வீட்டுக்காக அவரைக் குளிரில் போட்டு வதைத்தேன் என்று புகார் எழுதிக்கொடுத்தார். வார்டில் என்னை உள்ளே விடக்கூடாது என்றும் சொல்லி வைத்திருக்கிறார். கொண்டுபோன கஞ்சியைக் கதவுக்கு வெளியிலேயே வாங்கிக்கொள்கிறார்கள்.

அதன் பிறகு நான், முன்பெல்லாம் மெஷினைப் பார்க்க வரும் மெக்கானிக்கை வரவழைத்தேன். அண்ணனும் வீட்டில்தான் இருந்தார். மெக்கானிக் துவாரத்தில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "யாருங்க இதை மாட்டினது? தலைகீழா வேலை செய்யுதே" என்றார். சூடா குளிரா என்று மெஷினைத் திருப்பிவிடுகிற ஒயரில் கரண்ட் வந்தால் சில கம்பெனி மெஷினில் சூடு வருமாம், சிலதில் குளிர் வருமாம். உங்கள் மெஷின் எந்த வகை என்று மாட்டும்போதே திரை கேட்குமாம். அண்ணனிடம் பூட்டு எண்ணை வாங்கி அந்தக் கேள்விக்கான பதிலை மட்டும் மாற்றினார். சூடான காற்று வந்தது. அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு, "இதையெல்லாம் தெளிவா எழுதித் தொலைக்க மாட்டானுங்க" என்றார். என்னிடம், "அதான் சரியாயிடுச்சே, விடு" என்றார். புகாரைத் திரும்ப வாங்கவில்லை. அப்பாவிடம் சொன்னாயா என்று கேட்டதற்கு, அவர் உடம்பு இருக்கிற நிலையில் எதற்கு என்றார். என்னைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவர் உடம்பு தாங்கியது. வயிறு எரிகிறது, அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது வீடு நன்றாகச் சூடாக இருக்கிறது, கட்டில் காலியாக இருக்கிறது. அண்ணன் மேல் எனக்கு வழக்கு வேண்டாம், வீடும் வேண்டாம்.

இதை முழுக்க எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னதுதான் இருக்கிறது, சொன்னதெல்லாம் உண்மை. கையெழுத்துப் போடுகிறேன். எனக்குப் படித்துக் காட்டியதுபோல அப்பாவுக்கும் ஒருமுறை படித்துக் காட்டச் சொல்லுங்கள். அவருக்கு இடது காது மந்தம். வலது பக்கமாக நின்று, கொஞ்சம் சத்தமாகப் படிக்க வேண்டும்.

(ஒப்பம்)