சல்கி டேங்க் தண்ணீர்ப் புகார்

பெயர்: வெரீனா டிரெலோர். கணவர் பெயர்: ராஸ் டிரெலோர். வயது: 57. தொழில்: மாட்டுப் பண்ணை நடத்துவது. முகவரி: விராபிண்டி பண்ணை, ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வடமேற்கே, ஆஸ்திரேலியா.

நான் மேற்கண்ட முகவரியில் கணவருடன் வசித்து வருகிறேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை காவல் நிலையத்துக்குப் போன் செய்து, எங்கள் பண்ணையின் சல்கி என்ற இடத்து போர்வெல் டேங்கிலிருந்த தண்ணீரை முகாமிட வந்தவர்கள் திறந்துவிட்டுவிட்டார்கள், அவர்கள் மேல் வழக்குப் போட வேண்டும் என்று புகார் சொன்னவள் நான்தான். அப்போது சில கெட்ட வார்த்தைகளும் சொன்னேன். இப்போது கான்ஸ்டபிள் டோபின் எங்கள் சமையலறையில் உட்கார்ந்து கேட்க, நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

கடந்த வெள்ளிக்கிழமை மாலை எங்கள் வீட்டு வாசலில் ஒரு பெரிய வெள்ளை வண்டி வந்து நின்றது. அதில் கேலம் காஸ்டெலோ என்பவரும் அவருடைய தங்கை பிரையோனியும் இருந்தார்கள். அண்ணன் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் மேசை நாற்காலிக் கடை வைத்திருக்கிறார், தங்கை பல் மருத்துவரிடம் வரவேற்பில் இருக்கிறாள். வண்டிக்கு மேலே மடக்குக் கூடாரம், பக்கவாட்டில் மண்வெட்டி, மணலில் சிக்கினால் சக்கரத்துக்கு அடியில் கொடுக்கும் பலகைகள், முன்னால் இழுவைக் கம்பி என்று கடையில் கிடைப்பதெல்லாம் அதில் தொங்கியது, எதிலும் ஒரு கீறல் கிடையாது. இந்த மாதிரி வண்டிகளை எனக்குப் பிடிக்காது. எங்கள் நிலம் வழியாக மணல்மேடுகளுக்குப் போய் இரண்டு ராத்திரி தங்கிவிட்டு வர அனுமதி கேட்டார்கள். அனுமதி கேட்டு வருகிறவர்களே குறைவு என்பதால் சரி என்றேன். அதன் பிறகு வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்.

"கேட்டு எப்படி இருந்துச்சோ அப்படியே விட்டுட்டுப் போகணும். மூடியிருந்தா மூடுங்க, தொறந்திருந்தா தொறந்தே விடுங்க. தொட்டிகிட்ட கூடாரம் போடாதீங்க, ஆளு இருந்தா மாடு தண்ணிக்கு வராது. டேங்க்ல கை வெச்சீங்க, தண்ணி மட்டத்தக் காட்டுற மிதவை கொஞ்சம் எறங்கினாலும் இங்க என் போனு அலறும். அலறுச்சுன்னா மண்வெட்டியோட நான் அங்க வந்து நிப்பேன்."

அண்ணன் சிரித்தார். தங்கை சிரிக்கவில்லை.

"மிதவை எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

"எதுக்கு?"

"தெரியாம தொட்டுடக் கூடாதில்ல."

ஏணியில் ஏறினால் உள்ளே மஞ்சள் உருண்டையாக மிதக்கும், ஏற வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். அவர்கள் போன பிறகு என் கணவர், "நீ ஆளுங்கள வரவேற்கிற அழகுக்கு நாம ஓட்டல் வெச்சிருக்கலாம் பாஸ்" என்றார்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலை முட்டை பொரித்துக்கொண்டிருந்தபோது என் போன் அலறியது. சல்கி டேங்க் காலி என்று காட்டியது. அந்தப் பக்கம் சரியான மழை பெய்து இரண்டு வருடம் ஆகிறது. அந்த டேங்க் வற்றினால் அந்தப் பக்கத்து மாடுகளுக்கு வேறு தண்ணீர் கிடையாது, இந்த வெயிலில் இரண்டு நாளில் செத்து விழும். உடனே காவல் நிலையத்துக்குப் போன் செய்துவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கணவருடன் வண்டியில் கிளம்பினேன்.

வழியில் என் கணவர், "குழாய் எதாச்சும் ஒடைஞ்சிருக்கும்" என்றார்.

"ஒடைஞ்சா மெதுவா எறங்கும். இது ஒரேயடியா காலி. அந்தப் பொண்ணு மிதவை எங்கன்னு கேட்டப்பவே நான் சுதாரிச்சிருக்கணும். இன்னிக்கு இருக்கு அவளுக்கு."

சல்கி போகும் வழியில், மணல்மேட்டுத் தடம் வந்து சேர்ந்ததும் வரும் கேட் மூடியிருந்தது. நான் சங்கிலியை இரண்டு சுற்றுச் சுற்றித்தான் கொக்கியில் மாட்டுவேன், அதேபோல் இரண்டு சுற்றுச் சுற்றி மாட்டியிருந்தது. என் கணவர் அதைக் காட்டி, "தண்ணிய தொறந்து விட்டவங்க கேட்ட மட்டும் ஒழுங்கா மூடிட்டுப் போனாங்களாக்கும்?" என்றார். பேசாமல் ஓட்டும்படி சொன்னேன்.

அதன் பிறகு மதியத்துக்கு மேல் டேங்க் இருக்கும் இடத்தை அடைந்தோம். தரை காய்ந்து கிடந்தது, சேறு எங்கும் இல்லை. மாடுகள் தொட்டியில் நிம்மதியாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. நான் மண்வெட்டியைப் பிடித்தபடியே ஏணியில் ஏறிப் பார்த்தேன். டேங்க் விளிம்பு வரை நிரம்பியிருந்தது. மிதவையை மட்டும் காணவில்லை. தண்ணீருக்குள் கைவிட்டு அதன் கம்பியைப் பிடித்து இழுத்தபோது கனமாக வந்தது. மிதவையின் கழுத்தில், கூழாங்கற்கள் நிரப்பிய ஒரு கம்பளிக் காலுறை, பூட்ஸ் கயிற்றால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது.

கீழேயிருந்து என் கணவர், "சுத்தமா காலியா?" என்று கேட்டார்.

"நெறைஞ்சு நிக்குது."

"அப்புறம் எதுக்கு அலறுச்சு?"

"கூப்பிட்டிருக்கா ராஸ். நம்மளக் கூப்பிட்டிருக்கா."

ஏணியின் மேலிருந்து சுற்றிலும் பார்த்தேன். தொட்டியிலிருந்து நன்றாகத் தள்ளி ஒரு வேலமரத்தடியில் யாரோ கையை ஆட்டுவது தெரிந்தது. டேங்கிலிருந்து அந்த மரம் வரை போகவும் வரவுமாகக் காலடித் தடங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிந்து, ஒரு ஒற்றையடிப் பாதையே விழுந்திருந்தது. ஒரு கால் பூட்ஸ், மறு கால் வெறுங்கால். நாங்கள் அந்தத் தடத்தோடு ஓடினோம்.

மரத்தடியில் கேலம் படுத்திருந்தார். இரண்டு கைகளும் மார்பும் தீயில் வெந்திருந்தன. மேலே நனைத்த சட்டை போர்த்தியிருந்தது. கேட்டதற்குப் பதில் சொல்ல அவரால் முடியவில்லை, பற்கள் கிட்டிப்போயிருந்தன. பிரையோனி தண்ணீர் நிரம்பிய தொப்பியோடு அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய வெறுங்கால் முழுக்க முள். என்னைப் பார்த்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை:

"நெசமாவே மண்வெட்டியோட வந்துட்டீங்க."

அப்போதுதான் அது இன்னும் என் கையில் இருப்பது எனக்குத் தெரிந்தது. அதைத் தூர எறிந்தேன்.

அதன் பிறகு என் கணவர் எங்கள் வண்டியிலிருந்த சேட்டிலைட் போனில் விமானத்தில் வந்து பார்க்கும் மருத்துவரை அழைத்தார். நாங்கள் கேலமை வண்டியில் படுக்க வைத்து, எங்கள் பண்ணையின் விமான ஓடுதளத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே மேய்ந்துகொண்டிருந்த மாடுகளை என் கணவர் வண்டியின் ஹாரனை அடித்து விரட்டினார். போகும் வழியில் பிரையோனி என்னிடம் சொன்னதாவது: அன்று விடியற்காலையில் முகாமைக் கலைத்துக் கிளம்பியிருக்கிறார்கள். முட்புல் அடர்ந்த தடம். இடையில் ஒரு முறை இறங்கி வண்டிக்கு அடியில் சேர்ந்த புல்லை இழுத்துப் போட்டிருக்கிறார்கள், அதற்குப் பின் இறங்கவில்லை. மறுபடி சேர்ந்த புல் வண்டியின் புகைக்குழாய்ச் சூட்டில் பற்றி, வண்டி முழுவதும் எரிந்துவிட்டது. சேட்டிலைட் போனை எடுக்க உள்ளே பாய்ந்ததில் அண்ணனுக்குத் தீக்காயம், போனும் கிடைக்கவில்லை. மிஞ்சியது ஒரு தண்ணீர் பாட்டில்தான். அண்ணனைத் தோளில் சாய்த்து நடத்தியே சல்கி வரை கொண்டுவந்திருக்கிறாள்.

வழியில் அந்தக் கேட். அண்ணனைக் கீழே உட்கார வைத்துவிட்டு, திரும்பப் போய் அதை மூடியிருக்கிறாள்.

"அந்த நேரத்துல கேட்டப் போய் மூடினியா?" என்று கேட்டேன்.

"மூடியிருந்துச்சு. அதனால மூடினேன்."

டேங்குக்கு வந்ததும் அண்ணன் நினைவு தப்பத் தொடங்கியிருக்கிறார். நாங்கள் அந்தப் பக்கம் புதன்கிழமைதான் போவோம். நான் போட்ட மிரட்டல் அப்போது அவளுக்கு நினைவு வந்திருக்கிறது. டேங்கின் குழாயைத் திறந்துவிடலாம் என்று அதில் கை வைத்தாளாம். மாடுகள் வரிசையாக நின்று அவளையே பார்த்தனவாம். கையை எடுத்துவிட்டு, காலுறையைக் கழற்றிக் கல் பொறுக்கப் போயிருக்கிறாள். கட்டிய பிறகு, மாடுகள் தண்ணீருக்கு வர வேண்டுமே என்று அண்ணனை அவ்வளவு தூரம் தள்ளிக் கொண்டுபோய்ப் படுக்க வைத்திருக்கிறாள். நாற்பது வருடமாக இந்த நிலத்தில் எத்தனையோ கெட்டிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். கூடப் பிறந்தவன் சாகக் கிடக்கும்போது அடுத்தவர் மாட்டுக்காக யோசித்த ஆளை நான் பார்த்ததில்லை.

விமானத்தில் வந்த மருத்துவர், அந்த நிலையில் நிழலும் தண்ணீரும் இல்லாமல் இருந்திருந்தால் பிழைத்திருக்கவே மாட்டார், இருந்தும்கூட இன்னும் ஒரு நாள் தாங்கியிருக்காது என்றார். இன்று காலை ஆஸ்பத்திரியில் விசாரித்தேன். கேலம் கண் விழித்துப் பேசிவிட்டாராம், வண்டியின் மேலிருந்த கூடாரமாவது மிஞ்சியதா என்று கேட்டாராம்.

விமானத்தில் ஏறும் முன் பிரையோனி திரும்பி என்னிடம் வந்தாள்.

"டேங்க்லேர்ந்து கொஞ்சம் தண்ணி எடுத்தேன். தொப்பியில. அண்ணனுக்கு ஊத்த. சொல்லிடணும்னு தோணுச்சு."

அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். இதை எழுத வேண்டுமா என்று கான்ஸ்டபிள் கேட்டார், எழுதச் சொன்னேன்.

ஆகவே என் புகாரைத் திரும்பப் பெறுகிறேன். நஷ்டம் எவ்வளவு என்ற இடத்தில், சில தொப்பித் தண்ணீர் என்று எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். கற்களை எடுத்துவிட்டேன், மிதவை சரியாக வேலை செய்கிறது. காலுறையைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன். அதைச் சாட்சிப் பொருளாகக் காவல் நிலையத்துக்கு எடுத்துப்போக வேண்டும் என்று கான்ஸ்டபிள் சொன்னார். தர முடியாது என்று சொல்லிவிட்டேன். அது அவளிடம் என் கையால் போய்ச் சேர வேண்டும்.

மேலே எழுதியிருப்பதைக் கான்ஸ்டபிள் எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை, எல்லாம் உண்மை.

(ஒப்பம்) வெரீனா டிரெலோர்