மாவோடு ஏற்றிய மெஷின்

என் பெயரும் கதவு எண்ணும் முதல் தாளில் எழுதப்பட்டுள்ளன. வயது நாற்பத்தொன்று. தெருவில் ரொட்டிக்காரம்மா என்றால் எல்லோருக்கும் தெரியும். கணவர் லாரி ஓட்டுகிறார், இப்போது வெளியூரில் இருக்கிறார். வாடகைக் கடையில் ரொட்டியும் பன்னும் போட்டு விற்கிறேன். எழுதப் படிக்கத் தெரியும்.

கையால் பிசைந்து பிசைந்து தோளைத் தூக்க முடியாமல் போன பிறகு, இருந்த நகையை விற்று, மூடிப்போன ஒரு பேக்கரியிலிருந்து இந்த மாவு பிசையும் மெஷினைப் பழையதாக வாங்கினேன். பில் கிடையாது. அதன் பிறகு, அடுப்பைப் பெரிதாக்க வங்கியில் கடன் கேட்டேன். வங்கி ஆள் வந்து பார்த்து, மெஷின் பழசு, பில் இல்லை, கடையும் சொந்தமில்லை என்று சொல்லி, கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனார். கடன் வரவில்லை.

அதன் பிறகு, எதிர்வரிசையில் பேக்கரி தொடங்கிய என் நாத்தனார், அதாவது என் கணவரின் தங்கை, மின்அடுப்பு வாங்க அதே வங்கியில் கடன் கேட்டாள். அவள் கணவருக்கு மாதச் சம்பளம். கடை சொந்தக் கட்டடம், டைல்ஸ் போட்டது. ஆனால் கடை ஏற்கெனவே ஓடுகிறது என்று காட்டினால்தான் கடையை ஓட்டக் கடன் கொடுப்பார்கள். அதனால் எங்கள் தெருவில் வங்கி ஆள் வருகிற அன்று ஒருவருக்கொருவர் சாமான் கொடுத்து உதவுவது வழக்கம். மளிகைக் கடைக்குப் பக்கத்துக் கடை ஃப்ரிட்ஜ் போகும், தையல் கடைக்கு இன்னொரு தையல் மெஷின் போகும். இதைத் தப்பு என்று யாரும் நினைத்ததில்லை. நாத்தனார் வந்து, "அண்ணி, ஒரே ஒரு நாள் குடுங்க, சாயங்காலமே தள்ளிட்டு வந்து விட்டுடறேன்" என்றாள். "கொண்டு போ. உன் டைல்ஸ் மேல நின்னாவது அதுக்கு மரியாதை கிடைக்கட்டும்" என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன்.

அப்படியே கிடைத்தது. அதே வங்கி ஆள் அதே மெஷினைத் தட்டிப் பார்த்து, நல்ல கனமான மெஷின் என்று சொல்லி, வங்கிக்கு அடமானம் என்று அச்சடித்த சிவப்பு ஸ்டிக்கரை அதன் மேல் ஒட்டினாராம். அவளுக்குக் கடனும் கிடைத்தது. மெஷின் திரும்பி வந்ததும் அதைக் கிழித்துவிடச் சொன்னாள். நான் கிழிக்கவில்லை. ஏன் என்று இங்கே காவல் அதிகாரி கேட்டதால் சொல்கிறேன். எனக்குக் கடன் தராத வங்கியின் பெயர் என் கடையில் இருந்தது எனக்குப் பிடித்திருந்தது. ரொட்டி வாங்க வந்தவர்களும் பார்த்தார்கள்.

அதன் பிறகு, குழாய் பதிக்க வந்தவர்கள் அவள் கடை வாசலைத் தோண்டி மூடாமல் விட்டதில் அவள் வியாபாரம் படுத்துவிட்டது, தவணையும் நின்றது. இன்று காலை வங்கி வேன் வந்து மின்அடுப்பை ஏற்றிய பிறகு, மெஷின் எங்கே என்று தேடியவர்கள் எதிரே என் கடையில் ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டார்கள். அப்போது நான் மெஷின் தொட்டியில் மாவு போட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன். "மாவையாவது எடுத்துக்கறேங்க" என்றேன். ப்ளக்கைப் பிடுங்கி மாவோடு ஏற்றினார்கள். நானும் வேனில் ஏறி மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தேன். யாரையும் அடிக்கவில்லை, திட்டவில்லை. இறங்கச் சொன்னார்கள், இறங்கவில்லை. வேனோடு என்னையும் இந்தக் காவல் நிலையத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

மெஷின் நாத்தனாருடையது என்று சொன்னால் நான் இப்போதே வீட்டுக்குப் போகலாம், மெஷின் ஏலத்துக்குப் போகும் என்றும், என்னுடையது என்று சொன்னால் வங்கியை ஏமாற்றியதாக இருவர் மேலும் வழக்கு வரும் என்றும் அதிகாரி விளக்கினார். நாத்தனார் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். நான் உள்ளே வரும்போது என் கையைப் பிடித்து, "உங்களுதுன்னே சொல்லுங்க அண்ணி. அது இல்லாம நீங்க என்ன பண்ணுவீங்க" என்றாள். அவள் வேறு மாதிரி சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மெஷின் என்னுடையது. அவள் கேட்டாள், நான் தெரிந்தே கொடுத்தேன்.

முற்றத்தில் நிற்கும் மெஷினின் தொட்டியில் மாவு பொங்கி விளிம்பைத் தாண்டி வழிகிறது. காய்ந்தால் இறுகிவிடும், பிறகு மெஷின் ஓடாது, இப்போதே கழுவ விடுங்கள் என்று கேட்டேன். கைப்பற்றிய பொருளைத் தொடக்கூடாது என்றார்கள்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். எல்லாம் நடந்ததுதான், யாரும் மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை. விரலில் மாவு காய்ந்திருந்ததால் தாள் அழுக்காகும் என்று சொல்லி, கையை மட்டும் கழுவ விட்டார்கள். கழுவிவிட்டு வந்து கையெழுத்துப் போட்டேன்.

(ஒப்பம்)