வெண்கலத்தின் சுயவிமர்சனம்

என் கையெழுத்து நன்றாக இருக்கும். இதை நானே சொல்லிக்கொள்ளக் கூடாதுதான். விசாரணைக் குழுத் தோழர்கள் மூவருக்கும் படிக்கச் சிரமம் இருக்காது என்பதற்காகச் சொல்கிறேன். இருபத்திரண்டு வருடமாக மாவட்டக் குழுவின் கூட்டக் குறிப்பேட்டை எழுதுகிறவன் நான். யார் எவ்வளவு உளறினாலும் என் பேனா வழியாக வரும்போது அது கருத்தாகிவிடும்.

வெண்கலம் உளற மாட்டான். அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். அவன் குரலுக்காக வைத்த பெயர் அது. பேருந்துப் பணிமனையில் வெல்டர், என் மனைவியின் தம்பி. பதினெட்டு வயதில் அவனைக் கட்சிக்குக் கூட்டி வந்தவன் நான்தான். அலுவலகத்துக்குள் என்னைத் தோழர் என்பான். வாசலில் செருப்பை மாட்டும்போதே நான் மாமா ஆகிவிடுவேன்.

அவன் மேடையில் பேசியதெல்லாம் நான் எழுதிக் கொடுத்தது. அதே தாளை நான் வாசித்தால் கூட்டம் டீ குடிக்கப் போய்விடும். அவன் வாசித்தால் டீ குடிக்கப் போனவன் கிளாஸும் கையுமாகத் திரும்பி வருவான். என் மனைவிகூட, "தம்பி என்னமா பேசறான்" என்றுதான் சொல்வாள். அந்தத் தாளை நான் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதும்போது, வெளிச்சத்தை மறைக்கிறேன் என்று என்னை எழுப்பிவிட்டவள் அவள். வயிறு எரிந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

பழைய செயலாளருக்கு நெஞ்சுவலி வந்து, இனி படியேறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நம் அலுவலகமோ மாடியில். புதிய செயலாளர் யார் என்று பேச்சு எழுந்தது, குழு இரண்டாகப் பிளந்தது. பணிமனைத் தொழிலாளர்களும் வாலிபர்களும் வெண்கலம் என்றார்கள். ஆசிரியர்களும் வக்கீல்களும் என் பெயரைச் சொன்னார்கள். கட்சிக்குள் கோஷ்டியே கிடையாது என்று இரு தரப்பும் அடித்துச் சொன்னது. ஆனால் ஒரே பெஞ்சில் உட்காருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

மாநாட்டுக்கு முன், போட்டியில் இருப்பவர்கள் சுயவிமர்சனம் எழுதிக் குழுவில் வாசிப்பது நம் வழக்கம். தன் தவறுகளைத் தானே சொல்ல வேண்டும். வாசித்த பிறகு விளக்கம் தரக் கூடாது. விளக்கம் என்பது தற்காப்பு, தற்காப்பு சுயவிமர்சனம் ஆகாது. ஒன்பது வருடத்துக்கு முன் அந்த விதியை முன்மொழிந்தவன் நான். நல்ல விதி, இப்போதும் ஆதரிக்கிறேன்.

வெண்கலத்துக்கு இரும்பை ஒட்டவைக்கத் தெரியும், இரண்டு வரி எழுத வராது. என்னிடம் வந்தான்.

"மாமா, என் தப்பையெல்லாம் நீங்களே எழுதிக் குடுத்துடுங்க. என்னைவிட உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்."

சிரித்துக்கொண்டே சொன்னான், நானும் சிரித்தேன். கூட்டங்களுக்குத் தாமதமாக வந்தது, கோபத்தில் ஒரு தோழரைக் கெட்ட வார்த்தை சொன்னது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தான். கடைசியாக, வேலைநிறுத்தத்தின்போது பணிமனை மேலாளரை இரண்டு தடவை தனியாகப் பார்த்ததைச் சொன்னான். ஒரு டிரைவரின் மனைவிக்குப் பிரசவத்தில் சிக்கல். வேலைநிறுத்தத்தில் இருந்தவர்களின் மருத்துவ அட்டையை நிர்வாகம் முடக்கியிருந்தது. மேலாளரிடம் போய்க் கெஞ்ச அந்த டிரைவருக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. இவன் போனான், கெஞ்சினான், கையெழுத்து வாங்கினான், தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

"யாருக்கும் தெரிய வேண்டாம்னு அவர் என் கையைப் பிடிச்சுக் கேட்டார் மாமா. அதனால குழுவுக்கும் சொல்லலை. அது தப்புதானே?"

தப்புதான் என்றேன். 'வேலைநிறுத்தக் காலத்தில் நிர்வாகத்தை இரண்டு முறை தனியாகச் சந்தித்தேன். அதைக் குழுவிடம் மறைத்தேன்' என்று எழுதினேன். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. டிரைவரைப் பற்றி எழுதவில்லை. யாருக்கும் தெரிய வேண்டாம் என்று அவரே கேட்டிருக்கிறாரே. படித்துப் பார் என்று தாளை நீட்டினேன். நீங்க எழுதினதை நான் எதுக்குப் படிக்கணும் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டான்.

குழுவில் அவன்தான் வாசித்தான். அந்த வரி வந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் குறிப்பெழுதிக்கொண்டிருந்தேன். முணுமுணுப்பு கிளம்பியது, ஒருவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். விதியை மதித்து அவன் வாயைத் திறக்காமல் உட்கார்ந்துவிட்டான். அன்றைக்கு அவன் குரல் ரொம்ப நன்றாக இருந்தது.

அடுத்த வாரம் நிர்வாகம், வேலைநிறுத்தத்தில் முன்னால் நின்ற பத்தொன்பது தொழிலாளர்களை வேலையைவிட்டு நீக்கியது. மறுநாள் காலை அந்தத் தாளின் நகல் பணிமனை அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருந்தது. பசை வீட்டிலேயே இருந்தது, புதிதாக வாங்க வேண்டியிருக்கவில்லை.

பத்து மணிக்கு அவனிடமிருந்து போன் வந்தது. பின்னால் ஒரே கூச்சல்.

"மாமா, காட்டிக் குடுத்தவன்னு சொல்றாங்க. நான் நடந்ததைச் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க, அந்த டிரைவரும் ஊர்ல இல்லை. நீங்க வந்து ரெண்டு வார்த்தை சொன்னாப் போதும்."

"வந்துட்டே இருக்கேன்" என்றேன்.

அலுவலகத்திலிருந்து பணிமனை எட்டு நிமிட நடை. நான் குறிப்பேட்டைத் திறந்து புதிய பக்கத்துக்கு ஓரக்கோடு போட்டேன். அடுத்த பக்கத்துக்கும் போட்டேன். இப்படிப் பதினான்கு பக்கம். அங்கே, பேருந்துக்கு அடியில் நின்று வேலை பார்ப்பதற்காக வெட்டியிருக்கும் பள்ளத்தில் அவன் விழுந்தான். தள்ளினார்களா, பின்வாங்கும்போது தவறி விழுந்தானா என்று போலீஸ் இன்னும் விசாரிக்கிறது. பின்மண்டை சிமெண்ட் விளிம்பில் மோதியிருந்தது. நான்காம் நாள் போய்விட்டான்.

இரங்கல் உரையை நானே எழுதி நானே வாசித்தேன். ஒருவர்கூட எழுந்து போகவில்லை. வீட்டில் என் மனைவி என் தோளில் சாய்ந்து அழுதாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் என்மீது அப்படிச் சாய்ந்தது அதுதான் முதல் தடவை.

டிரைவர் ஊரிலிருந்து வந்து எல்லாவற்றையும் சொன்ன பிறகுதான் உங்கள் குழுவை அமைத்தார்கள். பொறாமையால் செய்தேன் என்று நீங்கள் அறிக்கை எழுதக்கூடும். தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். குரலை நம்பிக் கட்சியை ஒப்படைக்க முடியாது. அவன் செயலாளர் ஆகிவிடக் கூடாது என்று தடுத்தேன், அவ்வளவுதான். கட்சிக்காகச் செய்தேன்.

ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. சுயவிமர்சனத்தில் கையெழுத்துப் போட்ட அன்றே அவன் இன்னொரு தாளையும் எழுதித் தரச் சொன்னான். போட்டியிலிருந்து விலகுகிறேன், என் மாமாவை முன்மொழிகிறேன் என்று.

"எனக்கு மேடை போதும் மாமா, நாற்காலி உங்களுக்குத்தான். மாநாட்டுல நானே எழுந்து படிக்கிறேன். அதுவரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும்."

எழுதினேன், அதிலும் கையெழுத்துப் போட்டான். பசை டப்பாவோடு பணிமனைக்குப் போன காலையில் அந்தத் தாள் என் சட்டைப்பையில்தான் இருந்தது. மாநாட்டில் அவன் எழுந்து, அந்தக் குரலில், செயலாளர் பதவியை எனக்கு விட்டுக்கொடுப்பான். மண்டபம் முழுக்க எழுந்து நின்று அதற்கும் அவனுக்கே கை தட்டும். அதை நான் எப்படிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், தோழர்களே, நீங்களே சொல்லுங்கள்.