தூக்கில் கரி

உப்பளம் நிறுத்தத்தில் பேருந்தில் ஏறிய அந்த அம்மா, எவர்சில்வர் தூக்கை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் இருந்த பெண் அவருடைய தெருக்காரர் போலும். முன்னிருக்கையில் நான்.

“இன்னாக்கா, பொண்ணுக்குக் கொழம்பா?”

“இல்லடி, கரி.”

“கரியா?”

“டெம்போ புகைய திரும்ப இன்ஜினுக்குள்ள அனுப்ப ஒரு வால்வு இருக்குது. அதுல அடைச்சிக்கிற கரி, வால்வோடவே உள்ள இருக்குது. எங்க ஒட்டுது, ஏன் ஒட்டுதுன்னு ஆராய்ச்சி பண்றா. இன்னிக்கு காலேஜ்ல காட்டணும். வீட்டுலயே வச்சிட்டுப் போயிட்டா.”

“கழுவி எடுத்துனு போவக் கூடாதா? உன் வீட்டுப் பாத்திரமெல்லாம் பளபளன்னு இருக்குமே.”

“மொதல்ல கொண்ணாந்த வால்வ அப்டிதான் தேச்சுக் கழுவிட்டேன். அழுதா பாரு! அப்புறம் அவங்கப்பா தன் டெம்போவுக்குப் புதுசு மாட்டிக்கினு இந்தப் பழசக் கழட்டிக் குடுத்தாரு. இதுலயும் கரி போச்சுன்னா அவ என்னத்தக் காட்டுவா?”

“கரிக்கு ஒரு படிப்பு!”

“வாத்தியாருங்கல்லாம் உக்காந்து கேப்பாங்கடி. என் பொண்ணு நின்னு சொல்லுவா.”

கல்லூரி நிறுத்தம் வந்தது. தூக்கு சாயாமல் அம்மா மெல்ல எழுந்தார். கேலி செய்த பெண்தான் அவருக்கு முன்னால் எழுந்து, படிக்கட்டில் நின்றவர்களைப் பார்த்துக் கத்தினார்:

“வழி வுடுங்கப்பா! கரி உதுந்துடப் போவுது!”